ஆலை வாசலில் அச்சுப் பலபடி

நீரில் கரைந்து கிடக்கும் ஆயிரம் பொருள்களுக்கு நடுவே ஒரே ஒரு மூலக்கூறை மட்டும் இனங்கண்டு பிடித்துக்கொள்ளும் திடப்பொருளைச் செய்ய முடியுமா என்ற கேள்வி வேதியியலில் முக்கால் நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. முடியும் என்பதற்கு இன்று புதிய சான்று தேவையில்லை. அத்தகைய திடப்பொருள்களான மூலக்கூறு அச்சுப் பலபடிகள் (பாலிமர்கள்) களைக்கொல்லியைப் பிடிக்கின்றன, ஹார்மோனைப் பிடிக்கின்றன, நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்துகளைப் பிடிக்கின்றன. திருவனந்தபுரம் வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் பிரசாத ராவ் குழுவினர் யுரேனிய அயனியைப் பிடிக்கும் பலபடிகளைச் செய்து காட்டியிருக்கிறார்கள். விடை காண வேண்டியிருப்பது அடுத்த கேள்விக்கு. இந்தத் திறமையை எந்த நீரில், எந்த இடத்தில் வைப்பது? இத்துறையின் கட்டுரைகள் பலவும் ஆறுகளையும் குடிநீரையும் தூய்மையாக்கப் போகும் பொருள் என்றே அச்சுப் பலபடியை அறிமுகம் செய்கின்றன. அங்கே அதற்கு வேலை இல்லை என்று நான் கருதுகிறேன். மருந்தாலையின் சொந்தக் கழிவுநீர்க் குழாய் ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வுக்கூட மேசை மற்றொன்று: இந்த இரண்டே அதற்கு உரிய இடங்கள். இதைக் கணக்கோடு நிறுவுவதே இன்றைய உரையின் நோக்கம்.

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவாமிமலையில் திருமேனி வார்ப்பவர்கள் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றுவார்கள். உள்ளே உருவத்தின் வடிவில் குழிவு எஞ்சும். இங்கே மெழுகின் இடத்தில் இருப்பது, நாம் பிடிக்க நினைக்கும் மூலக்கூறே. அதை வார்ப்பு மூலக்கூறு என்போம். அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் அதைக் கரைத்து, மெத்தக்ரிலிக் அமிலம் போன்ற ஒற்றைப்படியை (மோனோமரை) சேர்த்தால், ஒற்றைப்படிகள் ஹைட்ரஜன் பிணைப்பாலும் மின்சுமை ஈர்ப்பாலும் அதைச் சுற்றித் தாமே அணிவகுக்கின்றன. பிறகு எத்திலீன் கிளைக்கால் டைமெத்தக்ரிலேட் என்ற குறுக்குப் பிணைப்பானைப் பல மடங்கு சேர்த்து, 60 டிகிரி செல்சியஸ் அளவில் வினையைத் தொடங்கினால் அந்த அணிவகுப்பு அப்படியே கெட்டிப்பட்டுவிடும். மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தால் கழுவ, வார்ப்பு மூலக்கூறு வெளியேறும். எஞ்சும் குழிவுக்கு அம்மூலக்கூறின் வடிவம் இருக்கும். அதன் எந்தப் பக்கத்தில் எந்த வினைத்தொகுதி இருந்ததோ அதற்கு எதிரே பொருத்தமான பிடியும் இருக்கும். 1949இல் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில், லைனஸ் பாலிங்கின் ஆய்வுக்கூடத்தில், ஃபிராங்க் டிக்கி மெத்தில் ஆரஞ்சுச் சாயத்தின் முன்னிலையில் சிலிக்கா கூழ்மத்தை உருவாக்கினார். சாயத்தை நீக்கிய பின்பும் அந்தச் சிலிக்கா மெத்தில் ஆரஞ்சின் உறவுச் சாயங்களைக் காட்டிலும் மெத்தில் ஆரஞ்சையே அதிகம் பிடித்தது. 1972இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் இதையே கரிமப் பலபடியில், சகப்பிணைப்பின் துணையோடு செய்தார். 1993இல் சுவீடனின் லுண்டில் கிளாஸ் மோஸ்பாக் குழு ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. தியோஃபிலின், டயசிபாம் ஆகிய மருந்துகளை மனிதக் குருதிநீரில் அளப்பதற்கு, ஆன்டிபாடிக்குப் பதிலாக அச்சுப் பலபடியே போதும் என்று அது காட்டியது. உலகின் கவனத்தை இத்துறையின்மேல் திருப்பிய அந்த வெற்றி ஒரு பொருளை அளப்பதில் கிடைத்தது, நீக்குவதில் அன்று. இதைப் பின்னர் வந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

இனி ஆற்றுநீரின் கணக்குக்கு வருவோம். நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நடுத்தரமான ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அந்த நீரில் ஒரு மருந்து லிட்டருக்கு 100 நானோகிராம் இருப்பதாகக் கொள்வோம். நாள் முழுவதும் உள்ளே வரும் மருந்தின் மொத்த எடை 1 கிராம். அதே நீரில் இலைதழை மட்கிய கரிமப் பொருள்களின் கார்பன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால், அதன் நாள் எடை 50 கிலோ. ஒன்றுக்கு ஐம்பதாயிரம் என்ற இந்த விகிதத்தைக் காட்டித்தான் அச்சுப் பலபடிக்காக வாதாடுகிறார்கள். கிளர்வூட்டிய கரி அந்த 50 கிலோவில் பெரும்பகுதியோடு மல்லுக்கட்டி இடமிழந்து போகும். அச்சுப் பலபடியோ 1 கிராமை மட்டும் தேடிப் பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு முற்றிலும் நியாயமாக இருக்கிறது. ஆனால் 1 கிராமைப் பிடிப்பதற்கும் 1 கோடி லிட்டரும் பலபடிப் படுகையின் ஊடாகச் சென்றாக வேண்டும். நீர் 10 நிமிடம் படுகையில் தங்க வேண்டும் என்று வைத்தால், படுகையின் பருமன் ஏறக்குறைய 70 கன மீட்டர். பிடிக்க வேண்டிய பொருளைத் தாங்குவதற்கு, 1 கிராம் பலபடி 20 மில்லிகிராம் தாங்கும் என்ற கணக்கில், 50 கிராம் பலபடி போதும் என்றாலும், நீரின் ஓட்டத்தின் பொருட்டு பல டன் பலபடியைப் போட வேண்டியிருக்கிறது. இத்தனையும் ஒரே ஒரு மருந்துக்காக. ஆற்றில் இன்னும் எத்தனையோ மருந்துகள், பூச்சிக்கொல்லிகள், சாயங்கள், பெயரிடப்படாத சிதைபொருள்கள் இருக்கின்றன. குடிநீர் தருபவருக்கு எல்லாவற்றையும் ஓரளவு நீக்கும் பொருள்தான் தேவை. தேர்ந்து பிடிக்கும் திறன் அங்கே ஒரு குறையாகவே ஆகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, கழிவுநீர் நிலையங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவை நுண்மாசுகளை 80 விழுக்காடு நீக்க வேண்டும். அதற்கு அவர்கள் தேர்ந்த வழிகள் ஓசோனும் கிளர்வூட்டிய கரியும். அந்தத் தேர்வு சரியானது என்றே நான் சொல்வேன்.

அப்படியானால் இப்பலபடிகளுக்கு எங்கே வேலை? ஹைதராபாத்தை அடுத்த பட்டான்சேருவின் கணக்கைப் பார்ப்போம். சுமார் 90 மருந்து மூலப்பொருள் ஆலைகளின் கழிவுநீரைப் பெற்று வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரை சுவீடன் ஆய்வாளர் யோக்கிம் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். 59 மருந்துகளைத் தேடினார்கள். 21 மருந்துகள் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தன. அவற்றில் 11 மருந்துகள் 100 மைக்ரோகிராமையும் தாண்டியிருந்தன. நுண்ணுயிர் எதிர்ப்பியான சிப்ரோஃப்ளாக்சசின் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. சில பாக்டீரியங்களுக்கு நஞ்சாகும் அளவைவிட இது ஆயிரம் மடங்குக்கும் அதிகம். நிலையத்தின் ஓட்டம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 லட்சம் லிட்டர். பெருக்கிப் பார்த்தால் ஒரே நாளில் சுமார் 45 கிலோ சிப்ரோஃப்ளாக்சசின். 90 லட்சம் மக்கள் வாழ்ந்த சுவீடன் நாடு முழுவதும் ஐந்து நாளில் உட்கொள்ளும் அளவு இது. முந்தைய கணக்கோடு இதைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே 1 கோடி லிட்டரில் 1 கிராம். இங்கே அதில் ஆறிலொரு பங்குக்கும் குறைந்த நீரில் 45 கிலோ. செறிவில் மூன்று லட்சம் மடங்கு வேறுபாடு. 10 நிமிடத் தங்கலுக்கு இங்கே 10 கன மீட்டரைச் சற்றே தாண்டிய படுகை போதும். ஆற்றில் படுகையின் அளவை நீர் முடிவு செய்கிறது. இங்கே மாசு முடிவு செய்கிறது. தேர்ந்து பிடிக்கும் பொருளுக்கு வேலை கொடுக்க வேண்டிய நிலை இதுதான். அதிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவதற்கு முன், 90 ஆலைகளின் நீர் ஒன்றோடொன்று கலப்பதற்கு முன், ஒரு மருந்தைச் செய்யும் ஆலையின் தனிக் குழாயிலேயே வைத்தால் நீரின் அளவு இன்னும் குறையும். செறிவு இன்னும் கூடும். எதைத் தேடுகிறோம் என்பதிலும் ஐயம் இருக்காது.

ஆலை வாசலுக்கு வந்ததும் இப்பலபடிகள் மேல் வழக்கமாக வைக்கப்படும் மூன்று குற்றச்சாட்டுகள் தாமாகவே வலுவிழக்கின்றன. என் வாதத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. முதலாவது, வார்ப்பு மூலக்கூறின் விலை. கிலோக் கணக்கில் பலபடி செய்ய, பிடிக்க வேண்டிய மருந்தும் கிலோக் கணக்கில் வேண்டும். வெளியே வாங்கினால் கட்டுப்படியாகாது. மருந்தாலைக்கோ அது தன் சொந்தச் சரக்கு. தரம் தேறாமல் ஒதுக்கிய மருந்துகூட இதற்குப் போதும். இரண்டாவது, கசிவு. எவ்வளவு கழுவினாலும் குழிவுகளில் வார்ப்பு மூலக்கூறின் எச்சம் சிறிது தங்கி, பின்னர் மெல்லக் கசியும். குடிநீரில் இது பெரும் குற்றம். நீக்க வந்த பொருளே மாசைச் சேர்க்கும். மில்லிகிராம் அளவில் மருந்து ஓடும் குழாயில் நானோகிராம் கசிவுக்குப் பொருளே இல்லை. மூன்றாவது, கழுவும் கரைப்பான். பலபடியை மீண்டும் பயன்படுத்த மெத்தனால் போன்றவற்றால் கழுவ வேண்டும். நகராட்சி நீர் நிலையத்தில் மெத்தனாலைக் கையாள ஆளும் இல்லை, அமைப்பும் இல்லை. மருந்தாலையில் கரைப்பானை வடித்து மீட்கும் கோபுரங்கள் அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1 கிராம் பலபடி 20 மில்லிகிராம் மருந்தைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், 45 கிலோவுக்கு 2,250 கிலோ பலபடி வேண்டும். நாளுக்கு நான்கு முறை கழுவினால் 560 கிலோ அளவே போதும். அதையும் பல ஆலைகள் பகிர்ந்துகொள்கின்றன. அயனிப் பரிமாற்றப் பிசின் தொட்டிகளோடு பழகிய பொறியாளர்களை இந்த அளவு மலைக்க வைக்காது.

இப்போது எதிர்வாதங்கள். கூர்மையானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் வாதத்தின் அடிமரத்தையே வெட்ட வருகிறது. சகப்பிணைப்பு இல்லாமல் செய்யும் அச்சுப் பலபடியில் எல்லாக் குழிவுகளும் ஒரே தரமானவை அல்ல. இறுகப் பிடிக்கும் குழிவுகள் சில. அரைகுறையாகப் பிடிப்பவை பல. செறிவு மிகக் குறைந்த நீரில் நல்ல குழிவுகளே நிரம்புவதால் தேர்வுத்திறன் பளிச்சென்று தெரியும். செறிவு கூடும்போது அரைகுறைக் குழிவுகளும் நிரம்பி, அச்சுப் பலபடி ஒரு சாதாரணப் பிசினைப் போல ஆகிவிடும். ஆகவே மில்லிகிராம் செறிவுள்ள ஆலை நீரில் அதன் சிறப்பே போய்விடும் என்பது இந்த வாதம். இதில் பாதியை நான் ஏற்கிறேன். தேர்வுத்திறன் குறையும். ஆனால் மருந்தே முதன்மையான கரைபொருள்களில் ஒன்றாக இருக்கும் குழாயில் அதி நுட்பமான தேர்வு வேண்டியதில்லை. உப்பையும் கரைப்பான் மிச்சங்களையும் விட்டுவிட்டு மருந்தைப் பிடித்தால் போதும். மேலும் எல்லாக் குழிவுகளையும் ஏறத்தாழ ஒரே தரத்தில் செய்யும் வழியும் இருக்கிறது. வார்ப்பு மூலக்கூறோடு ஒன்றுக்கு ஒன்றாக இறுகப் பிணையும் ஒற்றைப்படிகளைப் பயன்படுத்துவதே அந்த வழி. கார்பாக்சில் தொகுதி உள்ள மூலக்கூறுகளுக்கு யூரியா வகை ஒற்றைப்படிகள் அப்படிச் செயல்படுகின்றன. சிப்ரோஃப்ளாக்சசினில் கார்பாக்சில் தொகுதி உண்டு. இத்தனைக்குப் பிறகும் ஓர் எளிய வணிகப் பிசின் அதே வேலையை மலிவாகச் செய்தால்? செய்யட்டும், அதையே வைக்கட்டும். பிடித்த மருந்து எவ்வளவு தூய்மையாகத் திரும்புகிறது என்பதில் அச்சுப் பலபடி முந்தும் என்று எதிர்பார்க்கிறேன்; ஆனால் அதைப் போட்டி வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த எதிர்ப்பு நீரைப் பற்றியது. டொலுவீனிலோ குளோரோஃபார்மிலோ அணிவகுத்த ஹைட்ரஜன் பிணைப்புகள் நீரில் நிற்குமா? நீர் மூலக்கூறே அந்தப் பிடிகளுக்குப் போட்டியாளர். அதோடு நீருக்கு ஒவ்வாத எந்தக் கரிம மூலக்கூறும் பலபடியின் பரப்பில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும். லுண்டில் 2007இல் எஸ்ட்ராடியால் ஹார்மோனை வைத்துச் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. லிட்டருக்கு 2 மைக்ரோகிராம் செறிவில் அச்சுப் பலபடி ஹார்மோனை முழுமையாக மீட்டது. அச்சு இல்லாமல் அதே பொருள்களால் செய்த பலபடியும் முக்கால் பங்குக்குக் குறையாமல் மீட்டது. அச்சால் வந்த ஆதாயம் எஞ்சிய கால் பங்கே என்று இதைக் குறைத்துச் சொல்பவர்கள் உண்டு. விடை, பிடியின் தன்மையில் இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பை மட்டும் நம்பாமல் மின்சுமை ஈர்ப்பையும் நீர்வெறுப்பையும் சேர்த்துப் பயன்படுத்தினால் நீரிலும் அச்சு நிற்கும். 2,4-டி களைக்கொல்லிக்கு வினைல்பிரிடினைக் கொண்டு, மெத்தனாலும் நீரும் கலந்த ஊடகத்திலேயே செய்த பலபடி இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. மாட்ரிட் ஆய்வாளர்கள் என்ரோஃப்ளாக்சசினை வார்ப்பாக வைத்துச் செய்த பலபடி, நீர் ஊடகத்தில் ஃப்ளூரோகுயினலோன் குடும்பத்தையே இனங்கண்டு பிடித்தது. சிப்ரோஃப்ளாக்சசின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆலைகள் திரவக் கழிவே வெளியேறாத முறைக்கு மாறிவிட்டால் இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். திருப்பூர்ச் சாயத் தொழிலின் அனுபவம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பின், எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கலும் அங்கே கட்டாயமாயின. நீர் மீண்டது, ஆனால் கலப்பு உப்பும் கசடும் குவிந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கெட்டிப்படுத்தும் முறை, எதையும் தனியே பிரித்துத் தருவதில்லை. மருந்து உள்ள கசடு நிலத்துக்குப் போனால் அதுவும் மழைநீரோடு ஒருநாள் இறங்கும். ஆவியாக்கும் முன் மருந்தைத் தனியே எடுத்துவிடும் படிக்கு அங்கேயும் இடம் இருக்கிறது.

பலபடித் துகளே நுண்பிளாஸ்டிக் ஆகாதா என்ற அச்சமும் சரியானதே. கட்டியாகச் செய்து அரைத்த பலபடியில் தூசு மிகுதி; சீரான உருண்டை மணிகளாகச் செய்து, வெளிவாயில் வடிகட்டி வைத்து, வெளியேறும் நீரையும் சோதிக்க வேண்டும்.

ஆனால் இத்துறையின் மேல் எனக்குள்ள குறை வேறு, அதை இந்த அவையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் பல்கலைக்கழகங்களிலிருந்தும் வரும் எத்தனையோ கட்டுரைகள் வாலை வடிநீரில் ஒரே ஒரு மருந்தைக் கரைத்து, அச்சுள்ள பலபடியையும் அச்சில்லாததையும் ஒப்பிட்டு, ஐந்தாறு முறை கழுவிப் பார்த்து, நீக்கிய விழுக்காட்டை அறிவித்து முடிந்துவிடுகின்றன. அந்த விழுக்காட்டால் எந்த ஆலைக்கும் பயன் இல்லை. உண்மையான ஆலைக் கழிவுநீரில், உப்பும் கரைப்பானும் உறவு மூலக்கூறுகளும் இருக்க, கரியோடும் வணிகப் பிசினோடும் ஒப்பிட்டு, ஐம்பது நூறு முறை கழுவிய பின்னும் பிடிதிறன் எவ்வளவு நிற்கிறது என்று சொன்னால்தான் ஒரு பொறியாளர் அதைக் கையில் எடுப்பார்.

இரண்டாவது இடத்துக்கு, ஆய்வுக்கூட மேசைக்கு வருகிறேன். ஓர் ஆலையை மருந்தைப் பிடிக்க வைப்பதற்கு முன், அது மருந்தை வெளியேற்றுகிறது என்று அளந்து காட்ட வேண்டும். நம் வாரியங்கள் வழக்கமாக அளப்பவை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (பிஓடி), வேதி ஆக்சிஜன் தேவை (சிஓடி) என்ற மொத்த அளவுகள். சிப்ரோஃப்ளாக்சசின் 31 மில்லிகிராமும் முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் சிஓடி கணக்கில் சேர்வது ஏறக்குறைய 50 மில்லிகிராம். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு நம் பொது விதி அனுமதிக்கும் சிஓடி லிட்டருக்கு 250 மில்லிகிராம். பாக்டீரியங்களுக்கு நஞ்சாகும் அளவைப்போல் ஆயிரம் மடங்கு மருந்தை வைத்துக்கொண்டு ஒரு நீர் அந்த வரம்புக்குள் நிம்மதியாக நுழைந்துவிடும். பிஓடி சோதனை இன்னும் மோசம்: பாக்டீரியங்களை 27 டிகிரியில் மூன்று நாள் வளரவிட்டு, அவை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளப்பது அது. பாக்டீரியத்தைக் கொல்லும் மருந்து மிகுந்த நீரில் அளவு குறைவாகவே காட்டும். நஞ்சு கூடக் கூட நீர் நல்லதாகத் தெரியும். மூலக்கூறைப் பெயர் சொல்லி அளக்கும் முறை இல்லாமல் இந்தக் குருட்டுத்தனம் தீராது.

அப்படி அளப்பதில் உள்ள தடை கருவியின் விலை. அழுக்கு நீரிலிருந்து எடுத்த சாற்றில் மட்கிய பொருள்களும் சேர்ந்து வருவதால், விலை உயர்ந்த நிறைமாலைக் கருவிகூட அவற்றால் தடுமாறி மருந்தைக் குறைத்துக் காட்டும். அச்சுப் பலபடி நிரப்பிய சிறு குழலில் 1 லிட்டர் நீரைச் செலுத்தி 1 மில்லிலிட்டரில் கழுவி எடுத்தால் ஆயிரம் மடங்கு செறிவு, சாறும் தெளிவு. சிப்ரோஃப்ளாக்சசின் தானாகவே ஒளிரும் மூலக்கூறு. தெளிந்த சாறு கிடைத்துவிட்டால், ஒளிர்வை அளக்கும் சாதாரண நீர்ம வண்ணப்படிவுக் கருவியே போதும். மாவட்ட ஆய்வுக்கூடத்தில் அதை இயக்கலாம். இங்கே வார்ப்பின் கசிவு பொய்யளவைத் தரும் என்பது மெய். அதனால்தான் சிப்ரோஃப்ளாக்சசினை அளக்க அதையே வார்ப்பாக வைக்காமல் உறவு மூலக்கூறு ஒன்றை வைக்கிறார்கள். கசிந்தாலும் வண்ணப்படிவில் அது வேறிடத்தில் தனியே தெரிந்துவிடும். ஃப்ளூரோகுயினலோன்களுக்கான இத்தகைய குழல்கள் விற்பனைக்கே வந்திருக்கின்றன.

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மருந்து மூலப்பொருள் ஆலைகளின் கழிவுநீருக்கு நூற்றுக்கும் மேற்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பிகளுக்குத் தனித்தனி வரம்பு விதிக்கும் வரைவை வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் வந்த இறுதி அறிவிக்கையில் அந்த வரம்புகள் இல்லை. அளப்பதற்கு எளிய வழி இருக்கிறது. ஆலை வாசலில் பிடிப்பதற்கும் வழி தெளிவாகி வருகிறது. அந்த வரம்புகளை மீண்டும் சட்டத்தில் சேர்க்கும்படி அரசைக் கேட்க வேண்டியது பொதுமக்கள் கடமை. வடிநீரை விட்டு ஆலைக் கழிவுநீரை எடுத்துச் சோதித்து, அந்தக் கோரிக்கைக்கு வேண்டிய எண்களைத் தர வேண்டியது இங்கே அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவர்களின் கடமை. அடுத்த ஆய்வுக்கு நீர் மாதிரி எடுக்கும்போது ஆற்றங்கரையில் நின்றுவிடாமல் குழாயின் வாய்வரை செல்லுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.